ஆறு நாற்காலிகளும் கடைசிப் பந்தியும்

நாவல்குறிச்சி ஜங்ஷனில் எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்காமல் போகத் தொடங்கி, நிற்காத ரயிலுக்குச் சாப்பாட்டுக் கூடம் எதற்கு என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, கூடத்தைப் பூட்டி, பூட்டிய கூடத்துக்குள் இருந்த சாமான்களை ஏலம் விட்ட வருஷத்தில், வேறு யாரும் கை தூக்காத ஆறு நாற்காலிகளைத் தில்லைநாயகம் ஏலத்தில் எடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, தானும் அவற்றோடு பின்னால் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

தில்லைநாயகம் பழைய நாற்காலிகளுக்கு அடையாளம் சொல்பவர், அவற்றைச் செப்பனிடுபவர். இரண்டில் முதல் வேலைதான் அவருக்குப் பிடித்தது. இரண்டாவதுதான் சோறு போட்டது, அதுவும் அரை வயிற்றுக்கு. மீதி அரை வயிற்றை அவர் மனைவி வடிவு கல்யாண வீடுகளில் சமைத்து நிரப்பினாள். முதல் வேலையில் அவர் பெரிய ஆளாக வந்திருக்க வேண்டியவர். வராமல் போனதற்கு உண்மையைச் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் ஒன்றுதான் காரணம். யாராவது பட்டுத்துணி போர்த்தி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, ஜமீன் அரண்மனையில் இருந்தது, இருநூறு வருஷம் என்பார்கள். தில்லைநாயகம் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அடிப்பக்கத்தைத் தடவி, "ஆணி மிஷின்ல செஞ்சது. ஜமீன ஒழிச்ச பொறவு பொறந்த ஜமீன் நாற்காலி இது" என்பார். வந்தவர் பட்டுத்துணியை மடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஆறையும் முற்றத்தில் கவிழ்த்துப் போட்டார். மேலே சாம்பல் பெயிண்ட், அதன் அடியில் பச்சை, அதற்கும் அடியில் சாக்லேட் நிறம். ஒவ்வொரு அதிகாரியும் ஒரு நிறத்தோடு வந்து போயிருந்தார். கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி மூன்று ஆட்சிகளையும் கடந்தபோது தேக்கு தெரிந்தது. கடைசல் பிடித்த முன்கால்களை இரண்டு வாக்கில் அளந்து பார்த்தார். ஒரு வாக்கில் கூடுதல், மறு வாக்கில் குறைச்சல். மரம் வயதாக ஆக ஒரு பக்கமாகத்தான் சுருங்கும், வட்டமாகக் கடைந்த கால் நாளடைவில் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். நூறு வயது என்று சொல்லிக்கொண்டு இன்னும் வட்டமாகவே இருக்கிற நாற்காலியை, எத்தனை வயதானாலும் தளராமல் இருக்கிற மனிதரைப் போலவே, நம்பக் கூடாது என்பது அவருடைய கட்சி. இருக்கைச் சட்டத்துக்கு அடியில் உளியால் வெட்டிய கோடுகள் இருந்தன, ஒன்று முதல் ஆறு வரை. முன்பக்கக் குறுக்குச் சட்டங்கள் நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தன, காத்திருந்தவர்கள் செருப்புக்காலை வைத்துத் தேய்த்தது. முதுகுப் பலகையின் மேல்விளிம்பு தலை எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

"வடிவு, இதுல ஒக்காந்த ஒருத்தனும் சாப்பிட மட்டும் ஒக்காரல" என்றார்.

"ஒக்கார எடம் கெடச்சுது, ஒக்காந்தான். இதுல என்ன ஆராய்ச்சி?" என்றாள் வடிவு. அவள் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்து கால் நரம்பை நீவிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எப்போதும் நாற்காலிகள் இருந்தன, உட்கார ஒரு நாற்காலி இருந்ததில்லை. ஒன்று பாலிஷ் காய்ந்துகொண்டிருக்கும், அல்லது பசை பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது விலை பேசி முடிந்திருக்கும். கல்யாண வீட்டில் ஆயிரம் பேரை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு வருகிறவள் வீட்டுக்கு வந்து டின்னில்தான் உட்காருவாள்.

"இந்த ஆறையும் விக்கமாட்டேன். நமக்குத்தான்."

"போன தடவ எட்டு வந்துச்சே, அப்பவும் இதத்தான் சொன்னீய."

மூட்டுகளில் செருகியிருந்த, உளுத்துப்போன நாக்குகளை வெட்டி எறிந்து புது நாக்கு வைத்து, மர ஆணிகள் அடித்து, பிரம்பை ஊறவைத்துப் புதிதாகப் பின்னி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பஞ்சை அரக்குப் பாலிஷில் தோய்த்துச் சின்னச் சின்ன வட்டமாகப் பூசிப் பூசி, அவர் வலது மணிக்கட்டு அவருடையது இல்லாமலே போய்விட்டது. பாலிஷ் காய்ந்த அன்று மத்தியானம் கால் ஆடுகிறதா என்று பார்க்க ஒன்றாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை. ஆனால் அவர் உடம்பில் இருந்த களைப்பெல்லாம் கழுத்திலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து இடுப்புக்கும் இறங்கி, பிரம்புப் பின்னலின் கண்கள் வழியாக, சல்லடையில் மாவு இறங்குவதுபோல நாற்காலிக்குள் இறங்கிப் போனது. எழுந்தார். மணிக்கட்டைச் சுழற்றினார், வலி இல்லை. நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனபோது ஒரு படி அரிசி அளவுக்கு அது கனத்திருந்தது. தேக்கு, காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டு, அப்போதுதான் தூங்கி எழுந்த சிறுவனைப்போல மாடிப்படி ஏறினார்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் ரெத்தினவேல் அன்று சாயங்காலம் வந்தார். இரும்புக்கடை முதலாளி, கனத்த உடம்பு, சங்க அலுவலகத்துக்குத் தன் அந்தஸ்துக்கு ஏற்ற நாற்காலி தேடிக்கொண்டிருந்தவர்.

"ராசா வீட்டுது ஏதும் இருக்காவே?"

"ரயில்வே நாற்காலிதான் இருக்கு அண்ணாச்சி. பொட்டலச் சோறு தின்னுட்டு வண்டிக்குக் காத்துக் கெடந்தவன் ஒக்காந்தது."

"உமக்கு வியாபாரமே தெரியலவே" என்று சொல்லிக்கொண்டே ரெத்தினவேல் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, வாசலில் காரும் டிரைவரும் நிற்பதையே மறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போனார். அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஊர் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. எதிலோ ஒன்றில் உட்கார்ந்தால் களைப்புப் போகும் என்பது எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்த சங்கதிதான். இது கொஞ்சம் நன்றாகப் போகிறது, அவ்வளவே. கோயில் அறங்காவலர் அது அம்மனின் கருணை என்றார். டாக்டர் ரத்த ஓட்டம் என்றார். ரயிலுக்குக் காத்திருந்து காத்திருந்து அந்த மரம் பொறுமைக்குப் பழகிவிட்டது என்று பழைய போர்ட்டர் ஒருவர் சொன்னார், அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. காரணம் பேசிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும் என்று எல்லோரும் தில்லைநாயகம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

கூட்டம் நெருக்கித் தள்ளியது. யார் முதலில் என்று சத்தம் எழுந்தது. தில்லைநாயகம் மாடிப்படியில் நின்று, நன்றாக யோசித்துத்தான், "பந்தி போடுங்க" என்றார்.

ஊர் அடங்கிவிட்டது. பந்தி என்று சொன்னபின் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் கூடத்தில் ஆறு நாற்காலி, பந்திக்கு ஆறு பேர். முதல் பந்தியில் அறங்காவலர், ரெத்தினவேல், ஓய்வுபெற்ற தாசில்தார், டாக்டர், ரைஸ்மில் முதலாளி, வீட்டுக்காரர் என்ற முறையில் தில்லைநாயகம். அடுத்து கடைக்காரர்கள், அடுத்து வாத்தியார்களும் குமாஸ்தாக்களும், அப்படியே இறங்கி இறங்கி, தெருக் கூட்டுகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சமைக்கிறவர்களுக்கும் கடைசிப் பந்தி. இதில் அநியாயம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை, கடைசிப் பந்திக்காரர்களும் சொல்லவில்லை. சோற்றுப் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தால் பாயசம்தான் தீர்ந்துபோகும். களைப்புப் பந்தியில் என்ன தீரப்போகிறது?

"நீயும் மொதல்லயே வந்து ஒக்காரேன்" என்று தில்லைநாயகம் ஒரு தடவை வடிவிடம் சொன்னார்.

"நான் ஒக்காந்துட்டா இம்புட்டுப் பேருக்கும் தண்ணி யாரு குடுக்கது?"

கேள்வி நியாயமாக இருந்ததால் அவர் மறுபடி கேட்கவில்லை.

இப்படியாக நாவல்குறிச்சியில், தினமும் பந்தி நடந்து, முந்திய பந்திக்காரர்களிடம் களைப்பு என்பதே இல்லாமல் போயிற்று. டீக்கடையில் கூட்டம் குறைந்தது. மருந்துக்கடையில் தைல பாட்டில்களில் தூசி படிந்தது. தாசில்தார் தன் பணிக்காலத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு அத்தியாயத்தையும் யாரையாவது நிறுத்திவைத்துப் படித்துக் காட்டினார். கேட்டவர்களும் களைக்காமல் கேட்டார்கள். சங்கக் கூட்டங்கள் முடிய மறுத்தன. நன்றியுரை சொல்ல வந்தவர் மறுபடி வரவேற்புரையிலிருந்து தொடங்கினார். சண்டைகள் பெருகின. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை முன்பெல்லாம் ஒன்பது மணி ஆனால் "சரி, காலையில பாப்போம்" என்று முடியும், காலையில் இரண்டு பேருக்கும் வேறு வேலை இருக்கும். இப்போது அது விடிய விடிய நடந்து, விடிந்த பிறகும் நடந்தது. இத்தனை வருஷமாக ஊரில் சமாதானத்தைக் காத்துவந்தது நியாயமும் அல்ல, பஞ்சாயத்தும் அல்ல, வெறும் அசதி என்பது அப்போதுதான் தெரியவந்தது.

நாற்காலிகள் கனத்தன. ஒரு கையால் தூக்கிய நாற்காலியை இரண்டு பேர், பிறகு நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது. அவற்றின் அடியில் தரை ஓடுகள் விரிசல் விட்டன. பிறகு ஒரு கட்டத்தில் நாற்காலிகள் மேற்கொண்டு கனக்கவில்லை. தினமும் அத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தும் கனம் ஏறாமல் நின்றதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எதையும் அளந்து பார்க்காமல் விடாத தில்லைநாயகம்கூட அதை அளந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் அப்போது மிகவும் உற்சாகமாக இருந்தார்.

மாடத்தி நகராட்சியில் தெருக் கூட்டுகிறவள், கடைசிப் பந்திக்காரி. ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொல்லைப்புறமாக வந்து வடிவிடம் உட்கார்ந்தாள்.

"யக்கா, எனக்கு என்னமோ ஆயிருக்கு. நேத்து மேலரத வீதி கூட்டிக்கிட்டு இருக்கேன், திடீர்னு மால போட்டுப் போட்டுக் கழுத்து வலிச்ச மாதிரி வலிக்கி. எனக்கு எவன்க்கா மால போட்டான்?"

"ஏட்டி, சுளுக்கா இருக்கும்."

"சுளுக்கு இல்லக்கா. யாராச்சும் 'தலைவர் அவர்களே'ன்னு தொடங்கிருவானோன்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு நடக்கேன். எங்க போனாலும் பொன்னாடையோட ஒருத்தன் வாரமாதிரியே இருக்கு. அலுத்துப் போச்சுக்கா எனக்கு. ஒருத்தனும் எனக்குப் பொன்னாட போத்தாமயே அலுத்துப் போச்சு."

வடிவு சிரித்தாள். ஆனால் அவளோடு பாத்திரம் தேய்க்க வரும் செண்பகம், வாழ்நாளில் காரில் ஏறாதவள், நெடுந்தூரம் காரில் போய் இடுப்பு விட்டுப்போனதாகச் சொன்னாள். மூட்டை தூக்கும் ஒருவர், சாவிக்கொத்தை எங்கே வைத்தோம் என்ற பதைப்பில் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அவர் வீட்டுக்குக் கதவே கிடையாது. அவர்கள் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. களைப்போடு உட்கார்ந்து களைப்போடு எழுவது அவர்களுக்குப் புதிதல்ல. களைப்பின் ருசி மட்டும்தான் மாறியிருந்தது. மாடத்தியின் மாலைக் கதையைத் தில்லைநாயகமும் உள்ளே இருந்து கேட்டார், கேட்டுவிட்டு ரசித்துச் சிரித்தார். ஒரு நாற்காலியின் அடியைத் தடவியே அது பிறந்த பட்டறையைச் சொல்லக்கூடியவருக்கு, தன் வீட்டுக் கொல்லையில் பேசப்பட்டது யாருடைய களைப்பு என்று அடையாளம் தெரியவில்லை.

ஒரு முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலை, வடிவு காய்கறிக் கணக்குச் சொல்லிக்கொண்டே எண்ணெய் டின்னில் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, அவற்றை எடுத்து உபயோகிக்கிறவள் மட்டும் எங்கோ அடியில் போய்விட்டாள். செண்பகமும் தில்லைநாயகமும் தூக்கிப் பாயில் கிடத்தினார்கள். டாக்டர் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி வந்தார், ரத்தம் குறைவு என்றார், சத்தான ஆகாரம் என்றார், தாண்டிப் போனார். வடிவு கண் திறந்தே கிடந்தாள். சோறு ஊட்டினால் மெல்லவும் சலித்தாள். மறுநாள் கல்யாண வீட்டில் வேறு ஆளை வைத்துச் சமைத்துக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் அவள் மூச்சு, கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறுவதுபோல, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி வந்தது. இந்தக் கயிறு எந்த நேரமும் கையை விட்டுப் போகலாம் என்று தில்லைநாயகத்துக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் அவள் முணுமுணுத்தாள். அவர் காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"எத்தன தடவ சொல்லுதது... ஜமீன் நாற்காலி இல்லைங்க அது... கவுத்துப் பாருங்க... ஆணியப் பாருங்க... சொன்னா நம்ப மாட்டேங்கானுவ..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை பாயின் மேல் சின்னச் சின்ன வட்டமாகச் சுழன்றது, பாலிஷ் போடுகிற வட்டம், கடிகாரம் சுற்றுகிற வாக்கில் மூன்று, எதிர்வாக்கில் ஒன்று. அப்படிப் போடுகிற ஆள் அந்த ஜில்லாவில் ஒருவர்தான். வடிவு தன் வாழ்நாளில் ஒரு நாற்காலியையும் ஆணி பார்ப்பதற்காகக் கவிழ்த்தவள் இல்லை. தரை துடைக்கக் கவிழ்த்திருக்கிறாள், அது வேறு.

தில்லைநாயகம் கூடத்துக்குப் போய் ஒன்றாம் நம்பர் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. முதல் பந்தி முடிந்திருந்தது. இரண்டாம் பந்தி உட்கார்ந்து எழுந்தது. கடைசிப் பந்தியும் எழுந்து போனது. ஒவ்வொரு தடவையும் கால் தரைக்குள் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று நூல் பிடித்து அளந்து பார்த்தார். ஒரு இழையும் கூடவில்லை, குறையவில்லை. நாற்காலிகள் எப்போதோ நிறைந்துவிட்டிருந்தன. முன்னால் உட்கார்ந்தவர்கள் இறக்கி வைப்பதை அவை பின்னால் உட்கார்ந்தவர்கள் மேல் ஏற்றிவிட்டுக் கொண்டிருந்தன. பந்தியின் கடைசியில் தரையைத் துடைத்துவிட்டு வந்து கடைசி ஆளாக உட்கார்ந்தவள் வடிவு.

அவர் நேராக ரெத்தினவேலிடம் போனார்.

"அண்ணாச்சி, உங்க அலுப்பு மாடத்திகிட்ட இருக்கு."

"யாரு குடுத்தா? நானா குடுத்தேன்?"

"நாற்காலி நெறஞ்சுட்டு. இனி நாமதான் திரும்ப வாங்கிக்கிடணும். என் வீட்டுல ஒருத்தி மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கா."

ரெத்தினவேல் உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல டாக்டரைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார், செலவு தன்னுடையது என்றார். பிறகு, "ஆனா இது என் அலுப்புதான்னு என்னவே அத்தாட்சி? முத்திர போட்டிருக்கா? போட்ட குப்பையத் திரும்ப வாங்குதவன் உண்டா? இன்னொண்ணு சொல்லுதேன் கேளும், மாடத்திக்கு அலுப்பு பழக்கம். எனக்குத்தான் விட்டுப் போச்சு" என்றார்.

அறங்காவலரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், இன்னும் பக்தியோடு. டாக்டர் ரத்த ஓட்டம் என்றார். தில்லைநாயகம் வீட்டுக்கு வந்து, தான் ஒருவராவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசி ஆளாக உட்கார்ந்து பார்த்தார். தன்னுடையது கொஞ்சம் வந்தது, மணிக்கட்டில் தெரிந்தது. ஆனால் அதன் பின்னால் ஊருடையது முழுக்க நின்றது, வாசலில் நிற்கிற கூட்டம்போல. ஆறு பேர் சுமக்க வேண்டியதை ஒருவரே சுமக்க முடியாது. அவர் வடிவின் பக்கத்தில் போய், அந்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்தார். அது உட்காருவதற்கு எவ்வளவு மோசமான இடம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பந்தி கூடியபோது தில்லைநாயகம் எழுந்து நின்றார்.

"இது ரயில்வே நாற்காலின்னு நான் சொன்னது தப்பு."

தில்லைநாயகம் தப்பு என்று சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. அவர் அடுத்துச் சொன்னதையெல்லாம் ஊர் நம்பியதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

"அடியில இருக்க கோடு பட்டறைக்காரன் போட்ட நம்பர்னு நெனச்சேன். இல்ல. இது வைஸ்ராய் வீட்டு விருந்து நாற்காலி. ரயில்ல கூடவே வந்த சாமான். அந்தக் கோடு, யாரு எப்ப ஒக்காரணும்ங்கிற மொற."

"வைஸ்ராய் எப்பவே ஒக்காருவாரு?" என்றார் ரெத்தினவேல்.

"எல்லாரும் ஒக்காந்து எந்திரிச்ச பொறவு. வெள்ளக்காரன் வழக்கத்துல கடைசிப் பந்திதான் பெரிய பந்தி. மொதப் பந்தி வேலக்காரனுக்கு."

"ஆமா, ஆமா. நான் பாத்திருக்கேன்" என்றார் தாசில்தார்.

தில்லைநாயகத்தின் நாக்குக்கு அடியில் புதிதாக ஒரு களைப்பு, சின்னதாக, புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்தது. இருபத்தொன்பது வருஷத் தொழிலில் அவர் ஒரு நாற்காலிக்கும் பொய்ப் பெயர் வைத்ததில்லை. அந்த ஒரு கர்வத்தை வைத்துக்கொண்டுதான் அவர் அரை வயிற்றோடு இருந்தார்.

நாவல்குறிச்சியில் அன்றுதான் மரியாதை என்பது முழு அளவில் வெளிப்பட்டது. "நீங்க மொதல்ல ஒக்காருங்க அண்ணாச்சி." "சேச்சே, வயசுல மூத்தவுக, நீங்கதான் மொதல்ல." ஒருவரையொருவர் முன்னால் தள்ளிவிட்டு, வாசல் நிலையில் மாட்டிக்கொண்டு, உச்சிப்பொழுது வரை நின்றார்கள். கடைசியில் ஆறு நாற்காலியும் ஒரே பந்திதானே, எல்லோருமே கடைசிதான் என்று தில்லைநாயகம் வழி சொல்லி, ஐந்து பேரையும் உட்காரவைத்துத் தானும் ஆறாவதில் உட்கார்ந்தார். கடைசிப் பந்திக்காரர்களை அன்று ஒருநாள் வரவேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார். நாளை முதல் அவர்களுக்கு முதல் பந்தி.

நாற்காலிகள் கொடுத்தன. ரெத்தினவேல் எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அறங்காவலர் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். நிதானமாக, தலை குனிந்து, கை பின்னால் கட்டி அவர்கள் படியிறங்கியபோது ஊர் எழுந்து நின்றது. இதுதான் வைஸ்ராய் நடை என்று நினைத்தது. அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கனமாக இருக்கிறதே என்று ரைஸ்மில் முதலாளி சொன்னதற்கு, பெரிய மனிதர்களுக்குக் கனம் இருக்கும் என்று தாசில்தார் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து மாடத்தியும் செண்பகமும் மூட்டைக்காரர்களும் முதலில் உட்கார்ந்தார்கள். வடிவைப் பாயோடு தூக்கிவந்து நாற்காலியில் சாய்த்து, விழுந்துவிடாமல் துண்டால் கட்டி உட்காரவைத்தார்கள். அவர்கள் மேல் ஏறியிருந்தது இறங்கி, கடைசியில் வந்தவர்கள் மேல் போய் ஏறியது. யாருடையது யாருக்குப் போயிற்று என்பதில் சில பிழைகள் நேர்ந்திருக்கலாம். டாக்டர் கொஞ்ச நாள் அரிசி மூட்டையின் தவிட்டு வாசனை வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தத்தில் கணக்கு நேரானது. நாற்காலிகள் தரையை விட்டு எழுந்தன. "மால போயிட்டு யக்கா" என்று மாடத்தி வாசலில் நின்று கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு வடிவு தலையைத் திருப்பினாள். சாயங்காலம் தண்ணீர் கேட்டாள். சில நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை போய், அது கிடந்த கிடையைப் பார்த்துத் திட்டினாள். தில்லைநாயகத்தின் மணிக்கட்டு பழையபடி வலித்தது. அவர் அந்த வலியோடு உட்கார்ந்து அழுதார் என்று செண்பகம் சொல்கிறாள், அவர் பாலிஷ் நெடி என்கிறார்.

ஊர் தூங்கியது. கூட்டங்கள் முடிந்தன. தாசில்தாரின் புத்தகம் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நின்றது. அண்ணனும் தம்பியும் ஒன்பது மணிக்கு எழுந்து போனார்கள். பந்திக்கு வருகிறவர்களும் நாளாக ஆகக் குறைந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர்களுக்கு வேலை இருந்தது, கடைசியில் உட்கார்ந்தவர்களுக்கு அசதியாக இருந்தது. யாரும் வராததாலோ, வந்தவர்களையெல்லாம் தாங்கித் தாங்கி ஓய்ந்ததாலோ, நாற்காலிகளும் மெல்ல மெல்ல எடுப்பதையும் கொடுப்பதையும் விட்டுவிட்டு ஏறக்குறைய வெறும் நாற்காலிகள் ஆயின.

ஆனால் வைஸ்ராய் நாற்காலிகள் என்ற செய்தி ஊர் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. கடற்கரைப் பக்கம் பெரிய ஹோட்டல் கட்டியிருந்த ஒருவர், ரெத்தினவேலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கார் வைத்து வந்தார். ஆறுக்கும் அவர் சொன்ன விலை அந்த வீட்டின் விலை. வடிவு அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். இதற்கு முன்னால் எட்டு, அதற்கும் முன்னால் எத்தனையோ இப்படித்தான் போய்விட்டன.

தில்லைநாயகம் ஆறாம் நம்பரைத் தூக்கினார். ஒரு கையால் தூக்க முடிந்தது. தலைகீழாகக் கவிழ்த்தார், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"ரயில்வே நாற்காலி சார். நம்ம பக்கத்துப் பட்டறைதான். இந்தக் கோடு, எந்தப் பலகை எந்தக் கட்டைக்குன்னு மேஸ்திரி போட்ட நம்பர். பொட்டலச் சோறு தின்னவன் ஒக்காந்தது. வைஸ்ராய் கண்ணால கண்டிருக்க மாட்டாரு."

ஹோட்டல்காரர் பட்டுத்துணி இல்லாததால் கைக்குட்டையை மடித்துக்கொண்டு காருக்குப் போனார். ரெத்தினவேலின் முகம் சிவந்தது.

"வேய், அன்னைக்கி வைஸ்ராய்னு சொன்னீரே! ஊரக் கூட்டி வச்சுச் சொன்னீரே!"

"அன்னைக்கிச் சொன்னது பொய் அண்ணாச்சி."

ரெத்தினவேல் கையை ஓங்கிக்கொண்டு ஏதோ பெரியதாகத் தொடங்கினார். வாய் திறந்தது, திறந்த வாய் கொட்டாவியாக முடிந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"சரி, காலையில பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த முகூர்த்தத்துக்கு வடிவு சமைக்கப் போனாள். திரும்பி வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. தில்லைநாயகம் ஆறாம் நம்பரில் உட்கார்ந்து, ஒரு கால் லேசாக ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். எண்ணெய் டின் எங்கே என்று அவள் தேடினாள். அதை அவர் காலையிலேயே பழைய இரும்புக்காரனிடம் போட்டிருந்தார்.

"இதுல ஒக்காரு."

அவள் உட்கார்ந்தாள். வியர்வையோடும் தாளித வாசனையோடும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமாக. சாய்ந்து கண்ணை மூடினாள். களைப்பு எங்கும் இறங்கிப் போகவில்லை.

"என்னுது என்னுதாவே இருக்கு" என்றாள். "காலு, இடுப்பு, கரண்டி புடிச்ச தோளு. வேற யாருதும் இல்ல." பிறகு, கண்ணைத் திறக்காமலே, "இது என்னது? நாக்குக்கு அடியில? புளியங்கொட்டை கணக்கா என்னமோ கெடக்கு. நான் இன்னைக்கி யாருகிட்டயும் ஒண்ணும் பேசக்கூட இல்லையே."

தில்லைநாயகம் அவசரமாகக் கிட்டே வந்தார். "எந்திரி வடிவு. அது என்னுது. இப்பதான் ஒக்காந்திருந்தேன், தங்கிட்டு. நான் ஒக்காந்து வாங்கிக்கிடுதேன்."

"என்ன அலுப்பு இது?"

"பொய் சொன்ன அலுப்பு."

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதுபோல இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "ஊராருது அம்புட்டையும் சொமந்தேன். இத வச்சுக்கிட மாட்டேனா? சின்னதாத்தானே இருக்கு. நீங்க போயி காப்பி போடுங்க."

அவர் அடுக்களைக்குப் போனார். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக, எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன. காப்பித்தூள் எதில் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, முதல் டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.